கட்டட வேலையில் பொருள் தட்டுப்பாடு வராமல் பார்த்துக்கொள்வது எப்படி?

கட்டட வேலை இழுத்துக்கொண்டே போகிறது என்றால், பழி முதலில் கொத்தனார் மேல்தான் விழும். சைட்டில் போய் நின்று பார்த்தால் கதை வேறாக இருக்கும். காலை எட்டு மணிக்கு ஆள் வந்துவிட்டது, ஜல்லி வரவில்லை. ஜல்லி வந்த அன்று பார்த்தால் 8 மி.மீ. கம்பி பாதிதான் இறங்கியிருக்கிறது. கம்பி முழுதாக வந்தபோது கட்டுக்கம்பி தீர்ந்துவிட்டது. வேலை தெரிந்த ஆட்கள் நிழலில் உட்கார்ந்திருக்கிறார்கள், கூலி ஓடிக்கொண்டிருக்கிறது.

சிவில் முடித்துவிட்டு இப்போதுதான் சைட்டில் சேர்ந்திருக்கும் இன்ஜினியருக்கும், மேஸ்திரியாக இருந்து முதல் வீட்டைச் சொந்தமாக எடுத்திருக்கும் காண்ட்ராக்டருக்கும் இதை எழுதுகிறேன். எடுத்துக்காட்டுக்கு, தமிழ்நாட்டு ஊர் ஒன்றில் தளத்துக்கு 1,000 சதுர அடி வீதம் தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட ஒரு வீட்டை வைத்துக்கொள்வோம். அடுக்குமாடிக்குப் போனாலும் முறை இதேதான். கையெழுத்துப் போடும் ஆட்கள் மட்டும் கூடுவார்கள்.

ஒன்றை முதலிலேயே மனத்தில் பதிய வைத்துக்கொள்ளுங்கள். மூட்டைக்கு 5 ரூபாய் குறைத்து 100 மூட்டை சிமெண்ட் வாங்கினால் மிச்சம் 500 ரூபாய். ஒரு சித்தாளின் ஒரு நாள் கூலிகூட இன்று அதைவிட அதிகம். அந்த 500 ரூபாய்க்காக அலைந்து சிமெண்ட் ஒரு நாள் தள்ளிப்போனால், கான்கிரீட்டுக்கு வந்த மொத்தக் கூட்டமும் சும்மா நிற்கும். ரேட்டு பேசுவது தேவைதான், பேசுங்கள். ஆனால் உங்கள் முதல் கவனம், சரியான பொருள் சரியான அளவில் வேலைக்கு முந்தின நாள் தரையில் இருக்கிறதா என்பதில் இருக்கட்டும்.

1. அளவை நீங்களே போடுங்கள்

சதுர அடிக்கு 0.4 மூட்டை சிமெண்ட், 4 கிலோ கம்பி என்று ஒரு கணக்கு ஊரெல்லாம் சுற்றுகிறது. வீட்டுக்காரருக்குத் தோராயமாகச் செலவு சொல்ல அது போதும். ஆர்டர் போட அதை எடுக்காதீர்கள். ஆர்டர் என்பது ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாக வரைபடத்திலிருந்து வர வேண்டும்.

தளம் (கூரைக் கான்கிரீட்) போடுவதையே பார்ப்போம். 1,000 சதுர அடி, 5 அங்குல கனம். கன அடியில் சுமார் 417, கன மீட்டரில் 11.8. எம்20 என்ற வலுத் தரக் கான்கிரீட்டை 1:1.5:3 (சிமெண்ட், மணல், ஜல்லி) விகிதத்தில் கலந்தால் ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 8 மூட்டை சிமெண்ட், 0.42 கன மீட்டர் மணல், 0.84 கன மீட்டர் ஜல்லி பிடிக்கும். ஆக இந்தத் தளத்துக்கு சிமெண்ட் 95 மூட்டை. மணலும் ஜல்லியும் நம் ஊரில் யூனிட் கணக்கில் வரும், ஒரு யூனிட் 100 கன அடி. அப்படிப் பார்த்தால் எம்சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) 1.75 யூனிட், முக்கால் ஜல்லி (முக்கால் அங்குல ஜல்லி) 3.5 யூனிட். பீம் இதில் சேராது, அதைத் தனியாகப் போட்டுச் சேர்க்க வேண்டும்.

இதன்மேல் சேதாரம். சிமெண்டுக்கு இரண்டு, மூன்று சதவீதம் போதும். மணல், ஜல்லிக்கு ஐந்து சதவீதமாவது வையுங்கள், ஏனென்றால் மண் தரையில் கொட்டினால் அடியில் ஓர் அடுக்கு மண்ணோடு போய்விடும். டைல்ஸுக்கு ஐந்திலிருந்து பத்து சதவீதம், அறை கோணல்மாணலாக இருந்தால் இன்னும் கொஞ்சம்.

கம்பிக்கு மட்டும் சதவீதக் கணக்கு உதவாது. ஸ்ட்ரக்சுரல் வரைபடத்தை வைத்து பார் பெண்டிங் ஷெட்யூல் போட்டே ஆக வேண்டும்: எந்த இடத்தில் எத்தனை மி.மீ., எத்தனை துண்டு, ஒவ்வொன்றும் எத்தனை மீட்டர். கம்பி 12 மீட்டர் நீளத்தில் வருகிறது. உங்களுக்கு 3.7 மீட்டர் துண்டுகள் வேண்டும் என்றால் ஒரு கம்பியில் மூன்று வெட்டலாம், 0.9 மீட்டர் மிஞ்சும். அந்த மிச்சத்தை எந்த ரிங்கில் (பீம், தூண் கம்பிகளைச் சுற்றும் வளையம்), எந்த சேரில் (மேல் கம்பியைத் தாங்கும் முட்டு) போடுவது என்று வெட்டுவதற்கு முன்பே தாளில் எழுதி வைத்தால் கம்பி மிச்சமாகும். வெட்டிய பிறகு யோசித்தால் அந்தத் துண்டுகள் காயலான் கடைக்குத்தான் போகும்.

2. தேதியைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

புதிதாக வருபவர்கள் பொதுவாக, கையில் இருப்பது தீரும்போது ஆர்டர் போடுகிறார்கள். தேதி பின்னாலிருந்து வர வேண்டும்.

25ஆம் தேதி கான்கிரீட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 24ஆம் தேதி மாலைக்குள் ஜல்லி, எம்சாண்ட், சிமெண்ட் மூன்றும் சைட்டில் இருக்க வேண்டும். மிக்சர் மெஷின், வைப்ரேட்டர், டீசல், தண்ணீர் அதே நாளில் உறுதியாக வேண்டும். வைப்ரேட்டர் இரண்டு இருப்பது நல்லது, ஒன்று நடுவில் நின்றுவிட்டால் தளம் தாங்காது. 23ஆம் தேதி கம்பியை இன்ஜினியர் வந்து பார்க்க வேண்டும், அதற்குள் எலக்ட்ரீசியன் பைப் ஓட்டி ஃபேன் பாக்ஸ் வைத்து முடித்திருக்க வேண்டும். கம்பி கட்ட நான்கைந்து நாள். அதற்கு முன் சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் தற்காலிகப் பலகை, முட்டு) அடிக்க ஒரு வாரம். கம்பியை வெட்டி வளைக்கும் வேலை, சென்ட்ரிங் அடிக்கும்போதே கீழே நடக்கலாம். ஆகவே கம்பி 14ஆம் தேதி வாக்கில் இறங்கினால் நிம்மதி. கடைக்காரர் மூன்று நாள் கேட்டால் 10ஆம் தேதியே ஆர்டர் போய்ச் சேர வேண்டும். 25ஆம் தேதி கான்கிரீட்டுக்கு முதல் போன் 10ஆம் தேதி! இதைத் தாளில் எழுதிப் பார்க்கும்வரை யாருக்கும் நம்பிக்கை வராது.

இதற்கு ஒரு பழக்கம் போதும். சனிக்கிழமை சம்பளம் கொடுத்து முடித்ததும் மேஸ்திரி, கம்பி வேலைக்காரர், எலக்ட்ரீசியன், பிளம்பர் எல்லாரையும் உட்கார வைத்து, அடுத்த மூன்று வாரத்துக்கான வேலையை எழுதுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் எதிரே என்ன பொருள், ஆர்டர் போட்டாயிற்றா, எப்போது வரும், யாருடைய முடிவுக்காகக் காத்திருக்கிறோம் என்று நான்கு கட்டம். அமெரிக்காவில் கிளென் பல்லார்டும் கிரெக் ஹோவெல்லும் 1990களில் உருவாக்கிய 'லாஸ்ட் பிளானர்' முறையின் உயிர்நாடியும் இதுதான்: வேலையைக் கையால் செய்யப்போகிறவரே தேதி சொல்ல வேண்டும். நீங்கள் ஆபீசில் உட்கார்ந்து போட்ட தேதிக்கு மேஸ்திரி தலையை ஆட்டிவிட்டுப் போவார். "அண்ணே, நீங்களே சொல்லுங்க, லிண்டல் எப்போ முடியும்?" என்று கேட்டு, அவர் சொன்னதை அவர் கண்முன்னே எழுதினால் அந்தத் தேதிக்கு மரியாதை உண்டு.

அடுத்து, வேலையை நிறுத்தும் பொருள்கள் எப்போதும் மணலும் சிமெண்டும் அல்ல. அவை போன் போட்டால் வந்துவிடும். வீட்டுக்காரர் முடிவு சொல்ல வேண்டிய பொருள்கள்தான் ஆளைக் கொல்லும். பாத்ரூம் எடுத்துக்கொள்ளுங்கள். ஷவருக்கு சுவருக்குள் பதிக்கும் டைவர்ட்டர் (தண்ணீரை ஷவருக்கோ குழாய்க்கோ திருப்பிவிடும் வால்வு) வேண்டுமென்றால், அதன் உடல்பகுதி பூச்சுக்கும் டைல்ஸுக்கும் முன்பே சுவருக்குள் போயாக வேண்டும். ஒவ்வொரு கம்பெனிக்கும் அளவு மாறும். அதாவது, பளபளவென்ற குழாயை வீட்டுக்காரர் கடையில் தேர்ந்தெடுக்க வேண்டியது, சுவர் இன்னும் செங்கல்லாக இருக்கும்போதே. சுவரில் தொங்கும் வெஸ்டர்ன் டாய்லெட் வேண்டுமென்றால் அதன் சிஸ்டர்னுக்கும் இதே விதி. இதை முன்கூட்டியே சொல்லாமல் விட்டால், ஒட்டிய டைல்ஸை உடைக்க வேண்டி வரும். அந்தச் சண்டையில் யார் சொல்வது சரி என்பது முக்கியமில்லை, டைல்ஸ் உடைந்தது உடைந்ததுதான்.

ஜன்னல், கதவு, லிஃப்ட், கிரில், கிரானைட், மாடுலர் கிச்சன் எல்லாம் இதே வகை. யுபிவிசி ஜன்னலை அளவெடுத்த பிறகுதான் செய்வார்கள், வாரக்கணக்கில் ஆகும். லிஃப்ட்டுக்கு மாதக்கணக்கு. வேலை தொடங்கும்போதே 'வீட்டுக்காரர் முடிவு செய்ய வேண்டியவை' என்று ஒரு பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் கடைசித் தேதி எழுதி, அவர் கையெழுத்து வாங்கி வையுங்கள். இது அவரை மிரட்டுவதற்கல்ல. தேதி தெரிந்தால் அவரும் கடைக்குப் போக நாள் ஒதுக்குவார்.

நம் ஊர் நாட்காட்டியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆடியில் பூமி பூஜை குறைவு, அப்போது சப்ளையர்கள் பேச நேரம் தருவார்கள், ரேட்டிலும் இறங்கி வருவார்கள். ஆவணியில் எல்லாரும் ஒரே நேரத்தில் ஆரம்பிப்பார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் சூளையில் பச்சைக்கல் காயாது, செங்கல் தட்டுப்படும். ஆகவே சுவர் வேலை மழைக்காலத்தில் விழுகிறது என்றால் புரட்டாசிக்குள் கல்லை இறக்கிவிடுங்கள். தீபாவளி, பொங்கலுக்கு நம் ஆட்கள் ஊருக்குப் போவார்கள். பீகார், ஒடிசா ஆட்கள் ஹோலிக்கும், பீகாரிகள் சத் பூஜைக்கும், தேர்தல் வந்தால் ஓட்டுப் போடவும் கிளம்புவார்கள். ஆள் இல்லாத வாரத்தில் பொருளை இறக்கி வைத்தால் காவல் காப்பதே ஒரு வேலையாகிவிடும்.

3. ஒரு பொருளுக்கு இரண்டு சப்ளையர்

2025 ஏப்ரலில் புதிய கனிம நில வரியை எதிர்த்துக் கல்குவாரி, கிரஷர் உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, மாநிலம் முழுக்க ஜல்லியும் எம்சாண்டும் கிடைக்காமல் சைட்டுகள் தவித்தன. பிறகு லோடு வரத் தொடங்கியபோது விலையும் ஏறியிருந்தது. இப்படிப்பட்ட நேரத்தில் முதல் லாரி யாருக்குப் போகும்? சொன்ன நாளில் பணம் கொடுக்கும் பழைய வாடிக்கையாளருக்கு. அதனால் ஒவ்வொரு முக்கியப் பொருளுக்கும் இரண்டு பேரை வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு பேரிடமும் தொடர்ந்து வாங்குங்கள். மொத்தத்தில் முக்கால் பங்கு ஒருவரிடம், கால் பங்கு மற்றவரிடம் என்று பிரித்தால் போதும். ஆபத்துக்கு மட்டும் போன் செய்தால் இரண்டாமவர் உங்களை ஏன் கவனிக்க வேண்டும்?

எம்சாண்ட் விஷயத்தில் கிரஷருக்கே ஒரு நடை போய்ப் பாருங்கள். ஜல்லி உடைக்கும்போது விழும் தூளை எம்சாண்ட் என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். உண்மையான எம்சாண்ட், அதற்கென்று உள்ள மெஷினில் வடிவம் சீராக்கப்பட்டு, தூசி பிரிக்கப்பட்டு வருவது. ஐ.எஸ். 383 என்ற இந்தியத் தரநிலைப்படி உடைத்த மணலில் 75 மைக்ரானுக்குக் கீழ்ப்பட்ட தூசி 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பொதுப்பணித் துறை சோதித்துச் சான்று கொடுத்த ஆலைகளும் இருக்கின்றன, அந்தச் சான்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பூச்சுக்கு பிசாண்ட் (இன்னும் நைசான மணல்), கான்கிரீட்டுக்கு எம்சாண்ட். இரண்டையும் மாற்றிப் போட்டால் பூச்சு சொரசொரக்கும், கான்கிரீட் தண்ணீரை அதிகம் கேட்கும்.

சிமெண்டுக்கும் கம்பிக்கும் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். முத்திரையோடு உள்ள லைசென்ஸ் எண்ணை 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டுப் பார்த்தால் அது உண்மையா என்று தெரிந்துவிடும், ஒரு நிமிட வேலை.

4. ஆர்டரை எழுத்தில் கொடுங்கள்

போனில் பேசுங்கள், ஆனால் பேசி முடித்ததும் வாட்ஸப்பில் எழுதி அனுப்புங்கள். இப்படி:

"அண்ணே, முக்கால் ஜல்லி 4 யூனிட், எம்சாண்ட் 2 யூனிட். 24ஆம் தேதி செவ்வாய் காலை 7 மணிக்குள். தெரு 12 அடிதான், சின்ன டிப்பராக அனுப்புங்க, ஜல்லி ரெண்டு நடையா வரட்டும். ரேட்டு நேத்து பேசினது, வண்டி வாடகை, ஜிஎஸ்டி சேர்த்து. சைட்ல அளந்துதான் இறக்குவோம். டிரைவர் நம்பர் முந்தின நாள் சாயங்காலம் அனுப்புங்க."

அதற்கு அவர் 'சரி' என்று ஒரு பதில் போட்டால் அதுதான் உங்கள் பர்சேஸ் ஆர்டர். அந்தச் செய்தியில் இருக்கும் ஒவ்வொரு சொல்லும் ஒரு சண்டையைத் தவிர்க்கிறது. வண்டி வாடகை யாருடையது, இறக்குக் கூலி யாருடையது, வரி உள்ளேயா வெளியேயா என்ற மூன்றும்தான் பில் வரும்போது வெடிக்கும். சிமெண்டுக்கு 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகிவிட்டது. கம்பிக்கும் 18. இரண்டு கடையின் ரேட்டை ஒப்பிடும்போது வரியோடு ஒப்பிடுங்கள்.

5. கேட்டில் நிற்க வேண்டிய வேலை

இங்கேதான் பணம் கசிகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். லாரி வரும்போது டீ குடிக்கப் போகாதீர்கள், சின்னப் பையனை அனுப்பிக் கையெழுத்துப் போடச் சொல்லாதீர்கள்.

ஜல்லி, மணல் வண்டியில் ஏறிப் பாருங்கள். உள்பக்க நீளம், அகலம், சரக்கின் உயரம் மூன்றையும் டேப்பில் அளங்கள். 14 அடி நீளம், 7 அடி அகலம், 3 அடி உயரம் என்றால் 294 கன அடி, அதாவது 3 யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. உயரத்தை ஓரத்தில் மட்டும் அளந்தால் ஏமாறுவீர்கள். ஒரு கம்பியை நடுவில், நான்கு மூலையில் என்று ஐந்தாறு இடத்தில் அடித்தட்டு வரை குத்திப் பார்த்து சராசரி எடுங்கள். வழியில் குலுங்கி சரக்கு கொஞ்சம் அமுங்கும், அது இயல்பு. எவ்வளவு அமுங்கல் வரை ஏற்றுக்கொள்வது என்று முன்பே பேசிவிடுங்கள்.

மணலில் ஈரம் ஒரு சூட்சுமம். லேசாக ஈரமான மணல் உப்பி, காய்ந்த மணலைவிட 20, 30 சதவீதம்கூட அதிக இடம் அடைக்கும். யூனிட் கணக்கில் வாங்கினால் ஈர மணல் உங்களுக்கு நஷ்டம். சரி, டன் கணக்கில் வாங்கினால்? அப்போது தண்ணீருக்குப் பணம் கொடுக்கிறீர்கள். 12 டன் லோடில் 6 சதவீதம் ஈரம் என்றால் 720 கிலோ தண்ணீர். வண்டியின் அடியில் தண்ணீர் சொட்டினால், வடிந்த பிறகு எடை போட்டு வரச் சொல்லுங்கள், அல்லது எடையில் கழிக்கச் சொல்லுங்கள்.

கம்பிக்கு எடைக்கணக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். மி.மீ. அளவை அதே எண்ணால் பெருக்கி 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 8 மி.மீ. 0.395, 10 மி.மீ. 0.617, 12 மி.மீ. 0.888, 16 மி.மீ. 1.58. இதை வைத்து, 8 மி.மீ. ஒரு டன் என்றால் 12 மீட்டர் கம்பி 211 இருக்க வேண்டும் என்று சொல்லிவிடலாம். ஐ.எஸ். 1786 கொஞ்சம் கூடக்குறைய அனுமதிக்கிறது: 10 மி.மீ. வரை 7 சதவீதம், அதற்கு மேல் 16 வரை 5 சதவீதம், அதற்கும் மேல் 3 சதவீதம்.

இந்த அனுமதிக்குள்ளேயே உங்களுக்கு லாப நஷ்டம் இருக்கிறது. எடைக்கு வாங்கும்போது கம்பி 5 சதவீதம் கனமாக இருந்தால், டன்னுக்கு 211க்குப் பதில் 201தான் வரும். பத்துக் கம்பி குறையும், தளத்தின் கடைசி மூலையில் போய்த் தெரியும். எண்ணிக்கைக்கு வாங்கும்போது கம்பி இலேசாக இருந்தால் இரும்பே குறைவு. அதனால் எடைச்சீட்டை மட்டும் நம்பாமல் கம்பியை எண்ணவும் வேண்டும், ஒரு மீட்டர் துண்டு வெட்டி எடை போடவும் வேண்டும். எடை மேடைச் சீட்டில் சரக்கோடு எடை, காலி வண்டி எடை இரண்டும் ஒரே மேடையில் எடுத்ததா என்று பாருங்கள். டெஸ்ட் சர்டிஃபிகேட்டில் உள்ள ஹீட் நம்பரும் (எந்த உருக்குத் தொகுதியில் செய்தது என்று காட்டும் எண்) கட்டில் தொங்கும் டேக்கில் உள்ள நம்பரும் ஒன்றாக இருக்க வேண்டும்.

சிமெண்ட் மூட்டையில் எந்த வாரம், எந்த ஆண்டு தயாரித்தது என்று அச்சிட்டிருக்கும். ஒரு மாதத்துக்குள் தயாரித்ததாக இருந்தால் இறக்குங்கள். மூன்று மாதம் தாண்டியதைத் திருப்பி அனுப்புங்கள், அதன் வலு நன்றாகவே குறைந்திருக்கும். மூலையில் அழுத்திப் பார்த்துக் கட்டி தட்டினால் அந்த மூட்டை வேண்டாம். செங்கல்லுக்கு: இரண்டை ஒன்றோடொன்று தட்டினால் கணீர் என்று வர வேண்டும். சந்தேகமிருந்தால் காய்ந்த கல்லை எடைபோட்டு, 24 மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து மீண்டும் எடைபோடுங்கள், 20 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடித்தால் அந்தச் சூளை வேண்டாம்.

குறை இருந்தால் டெலிவரி சலானிலேயே எழுதி, டிரைவரிடம் கையெழுத்து வாங்கி, போட்டோ எடுத்து உடனே சப்ளையருக்கு அனுப்புங்கள். சாயங்காலம் சொன்னால் அது புகார், அப்போதே சொன்னால் அது கணக்கு. டிரைவரிடம் குரலை உயர்த்த வேண்டாம். வெயிலில் ராத்திரி பகலாக ஓட்டி வருகிறவர், தண்ணீர் கொடுத்து மரியாதையாகப் பேசுங்கள்.

ரெடிமிக்ஸ் போடுவதாக இருந்தால்

சிறிய வீடுகளுக்கும் இப்போது ரெடிமிக்ஸ் (பிளாண்ட்டில் கலந்து லாரியில் வரும் கான்கிரீட்) வருகிறது. ஆர்டரில் கிரேடு, ஸ்லம்ப் (கலவையின் இளக்கம்), கன மீட்டர், ஜல்லி அளவு, பம்ப் வகை, வண்டிகளுக்கு இடையே எத்தனை நிமிட இடைவெளி என்று சொல்லுங்கள். வண்டி பொதுவாக 6 கன மீட்டர் கொள்ளும். நம் 11.8 கன மீட்டருக்கு இரண்டு வண்டி என்று உடனே முடிவுக்கு வராதீர்கள், பீமையும் பம்ப் குழாயில் தங்குவதையும் சேர்க்க வேண்டும். கடைசி வண்டியின் அளவை, மிச்ச இடத்தை டேப்பில் அளந்த பிறகு சொல்வதாகப் பிளாண்ட்டோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

சீட்டில் லோடு செய்த நேரம் இருக்கும். ஐ.எஸ். 4926 படி லோடு செய்ததிலிருந்து 2 மணி நேரத்துக்குள் கொட்ட வேண்டும். டிரம்மில் இறுகிவிட்டது என்று டிரைவர் தண்ணீர் ஊற்றப் பார்த்தால் தடுங்கள், தளத்தின் வலுவையே அந்தத் தண்ணீர் குறைத்துவிடும். முந்தின நாளே தெருவின் திருப்பத்தையும், தலைக்கு மேல் போகும் ஈபி ஒயரையும் போய்ப் பாருங்கள். சென்னை போன்ற நகரங்களில் கனரக வண்டிகளுக்கு நேரக் கட்டுப்பாடு உண்டு, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கியூப் (வலுவைச் சோதிக்க வார்த்து வைக்கும் கான்கிரீட் கட்டி) எடுக்க மறக்காதீர்கள்: 6லிருந்து 15 கன மீட்டர் வரை இரண்டு சாம்பிள், ஒவ்வொன்றுக்கும் மூன்று கியூப் என்பது ஐ.எஸ். 456 சொல்லும் குறைந்தபட்சம்.

6. இறக்கிய இடம்

லாரி வருவதற்கு முன்பே எது எங்கே என்று சுண்ணாம்பில் கோடு போட்டு வையுங்கள். எம்சாண்டும் ஜல்லியும் மிக்சருக்குப் பக்கத்தில். கம்பி, வெட்டி வளைக்கும் மேசைக்குப் பக்கத்தில், கட்டையின் மேல், மி.மீ. வாரியாகப் பிரித்து. ஒரு பொருளை இரண்டு முறை சுமந்தால் இரண்டு முறை சுமைக்கூலி.

சிமெண்டைத் தரையிலிருந்து அரை அடி உயரத்தில் பலகை மேல் அடுக்குங்கள். சுவரிலிருந்து ஒன்றரை, இரண்டு அடி தள்ளி. பத்து மூட்டைக்கு மேல் உயரம் வேண்டாம், அடி மூட்டை அழுத்தத்தில் இறுகும். முதலில் வந்தது முதலில் போக வேண்டும். புது லோடைப் பழையதன் முன்னால் அடுக்கினால் பழைய மூட்டை கடைசிவரை மூலையிலேயே கிடக்கும். தார்ப்பாய் எப்போதும் சைட்டில் இருக்கட்டும், மழை வந்த பிறகு யாரும் தார்ப்பாய் கொண்டு வந்து தர மாட்டார்கள்.

செம்புக் கம்பி, ஸ்விட்ச், குழாய் இவற்றை வேலைக்கு முந்தின நாள் மட்டும் இறக்குங்கள். பூட்டு போடும் அறை இல்லாத சைட்டில் ஸ்டாக் வைக்காதீர்கள்.

7. ரிஜிஸ்டர்

ஒரு நீள நோட்டு போதும். செயலி, எக்செல் எல்லாம் நோட்டு எழுதும் பழக்கம் வந்த பிறகு. தேதி, பொருள், வரவு, செலவு, எந்த வேலைக்கு, மீதி. தினமும் மாலை ஐந்து மணிக்கு எழுத வேண்டும், வாரக் கடைசியில் மூட்டையை எண்ணி நோட்டோடு ஒத்துப்பார்க்க வேண்டும்.

நோட்டின் உண்மையான பயன், கணக்குப் போட்டதற்கும் செலவானதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்ப்பதுதான். தளத்துக்கு 95 மூட்டை என்று போட்டோம், 104 போயிருக்கிறது. உடனே திருட்டு என்று முடிவுகட்டி வாட்ச்மேனைக் கேட்காதீர்கள். முதலில் தளத்தின் கனத்தை அளங்கள். 5 அங்குலத்துக்குப் பதில் 5.5 அங்குலம் விழுந்திருந்தால் 10 சதவீதம் கூடும், 95 மூட்டை 104 ஆகிவிடும். சென்ட்ரிங் அரை அங்குலம் தாழ்ந்ததோ, லெவல் பிடிக்காமல் போட்டதோதான் காரணம். அதைக் கண்டுபிடித்தால் அடுத்த தளத்தில் சிமெண்டும் மிஞ்சும், பீமுக்கு வீண் பாரமும் குறையும்.

8. பணம் கொடுக்கும் நாள்

சப்ளையரின் பணத்தைச் சுழற்றித்தான் தொழில் செய்ய முடியும் என்று சிலர் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். நான் இதை ஒப்புக்கொள்ளவே மாட்டேன். சட்டமும் அதற்கு எதிராகத்தான் இருக்கிறது. உங்களுக்கு ஃப்ளை ஆஷ் கல், கிரில், ஜன்னல் செய்து தரும் பட்டறைகள் பல, சிறு குறு நிறுவனங்களாகப் பதிவு பெற்றவை. 2006ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும், ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள்தான். தாமதித்தால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. வருமான வரிக் கணக்கிலும், அந்தக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையைக் கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும்.

நடைமுறையில் செய்ய வேண்டியது: வீட்டுக்காரரிடம் வாங்கும் தவணையைப் பொருள் வாங்கும் தேதியோடு பொருத்துங்கள். 'தளம் போட்டதும்' என்று தவணை எழுதினால் கம்பிக்கும் சிமெண்டுக்கும் உங்கள் கைப்பணம் போகும். 'சென்ட்ரிங் தொடங்கும் அன்று' என்று எழுதுங்கள். கம்பி விலை ஏறினால் யார் தாங்குவது என்றும் ஒப்பந்தத்தில் ஒரு வரி வேண்டும். 2022இல் கம்பி விலை தாவியபோது மத்திய அரசே மே மாதம் எஃகுக்கு ஏற்றுமதி வரி போட்டது, நவம்பரில் எடுத்தது. அந்த மாதிரி ஆண்டில் மொத்த ரேட்டுக்கு வீடு எடுத்தவர் கையைச் சுட்டுக்கொள்ளாமல் தப்பிக்க முடியாது. ஒப்பந்த நாளின் விலையை எழுதி, அதற்கு மேல் இத்தனை சதவீதம் தாண்டினால் வித்தியாசத்தை வீட்டுக்காரர் தருவார், குறைந்தால் அவருக்குக் கழிப்போம் என்று இருபக்கமும் எழுதினால் அவரும் மறுக்க மாட்டார்.

வேலை முடியும்போது

கடைசி மாதத்தில் ஆர்டரைச் சின்னதாக்குங்கள். சிமெண்டை 20, 25 மூட்டையாக வாங்குங்கள். திறக்காத டைல்ஸ் பெட்டியைத் திருப்பி எடுப்பார்களா என்று வாங்கும்போதே பேசியிருக்க வேண்டும். எடுப்பார்கள் என்றாலும் ஒவ்வொரு டிசைனிலும் ஒரு பெட்டியை வீட்டுக்காரரிடமே விட்டுவிடுங்கள், பின்னால் ஒரு டைல் உடைந்தால் அதே ஷேடு நம்பர் கடையில் கிடைக்காது. மிஞ்சிய கம்பித் துண்டு, சென்ட்ரிங் பலகை, குழாய்த் துண்டு எல்லாவற்றையும் பட்டியல் எடுத்து, அடுத்த சைட்டின் ரிஜிஸ்டரில் முதல் வரவாக எழுதிய பிறகு வண்டியில் ஏற்றுங்கள்.